பழுதான லேப்டாப்பை உதிரிபாகத்துக்காக வாங்கலாமா? திங்க்பேட் டி480-ஐ வைத்து ஒரு வழிகாட்டி

‘போர்டு போயிடுச்சு, மத்ததெல்லாம் நல்லா இருக்கு.’ பழுதான லேப்டாப் விற்பவர்கள் பலரும் சொல்வது இதுதான் (போர்டு என்றால் மதர்போர்டு). அந்த ‘மத்ததெல்லாம்’ என்பதில் உங்களுக்குத் தேவையானது எது, காசு கொடுப்பதற்கு முன்பே சோதித்துப் பார்க்கக்கூடியது எது என்ற இரண்டையும் வைத்துத்தான் விலையை முடிவு செய்ய வேண்டும். தேவைப்படாத பாகத்துக்கும் சோதிக்க முடியாத பாகத்துக்கும் சேர்த்துப் பணம் கொடுத்துவிடுவதில்தான் புதியவர்கள் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள்.

பொதுவாகப் பேசினால் பிடி கிடைக்காது. ஒரு மாடலை எடுத்துக்கொள்வோம்: லெனோவோவின் திங்க்பேட் டி480. 2018-ல் வந்தது. நிறுவனங்கள் மொத்தமாக வாங்கி, சில ஆண்டுகள் ஓட்டிக் கழித்துவிட்ட இந்த வகை லேப்டாப்புகள்தான் சென்னை ரிச்சி தெரு, பெங்களூரு எஸ்.பி. சாலை போன்ற சந்தைகளின் பழைய சரக்கில் பெரும்பகுதி. பெரும்பாலான டி480-களில் இன்டெல் 8-ஆம் தலைமுறை பிராசசர் இருப்பதால் விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாகவே ஓடும். அதனால் ஓடுகிற டி480-க்கும் கிராக்கி இருக்கிறது, அதைச் சரிசெய்யும் பாகங்களுக்கும் கிராக்கி இருக்கிறது.

முதல் முறை இந்த வேலையில் இறங்குபவர்களுக்கு நிறுவன வகை லேப்டாப்தான் நல்லது. லெனோவோ திங்க்பேட், டெல் லாடிட்யூட், எச்பி எலீட்புக் மூன்றுக்கும் பிரித்துப் பூட்டும் முறையைத் திருகு அளவு வரை சொல்லும் சர்வீஸ் கையேட்டை அந்தந்த நிறுவனங்களே இலவசமாக வெளியிட்டிருக்கின்றன. பாகங்களுக்கு எண் உண்டு. ஒரே மாடல் ஆயிரக்கணக்கில் விற்றிருப்பதால் ஒன்றின் பாகம் இன்னொன்றுக்கு உதவும். வீட்டு உபயோக மலிவு மாடல்களில் அடுத்தடுத்த ஆண்டுகளின் உடல்கூடப் பொருந்தாது. அவற்றில் பேனல் (திரை), ரேம், எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமிக்கும் பாகம்) தவிர மற்றது எதையும் கணக்கில் சேர்க்காதீர்கள்.

படி 1: தேவைப் பட்டியலை எழுதுங்கள்

கடைக்குப் போவதற்கு முன் காகிதத்தில் எழுதுங்கள். ‘என் டி480-க்கு 1920×1080 பேனல், கீபோர்டு’ என்று துல்லியமாக. ‘எப்போதாவது உதவும்’ என்று தோன்றுவது பட்டியலில் வரக்கூடாது. இந்தப் பட்டியல் இல்லாமல் போனால் மலிவு என்பதே வாங்கக் காரணமாகிவிடும். பரணில் சேரும் டெட் லேப்டாப்புகள் எல்லாம் அப்படி வந்தவைதான்.

படி 2: மாடல் எண்ணைச் சரிபாருங்கள்

மூடியில் உள்ள பெயரை நம்ப வேண்டாம். அடிப்பக்க ஸ்டிக்கரில் உள்ள நான்கு எழுத்து எண்ணைப் பாருங்கள். டி480 என்றால் 20எல்5 அல்லது 20எல்6. டி480எஸ் என்றால் 20எல்7 அல்லது 20எல்8. பெயரில் ஒரே ஓர் ‘எஸ்’தான் வித்தியாசம், ஆனால் கீபோர்டு, பேட்டரி, உடல் எல்லாமே வேறு. டி480-ல் இரண்டு ரேம்களும் கழற்றி மாட்டக்கூடியவை. டி480எஸ்-ல் ஒரு பகுதி போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், ஒரு ஸ்லாட் மட்டுமே உண்டு.

ஒவ்வொரு பாகத்திலும் எஃப்ஆர்யூ (மாற்றக்கூடிய பாகம் என்பதற்கான குறி) என்று தொடங்கும் ஓர் எண் இருக்கும். உங்கள் பாகத்தின் எண்ணையும் அங்கே இருப்பதன் எண்ணையும் ஒப்பிடுங்கள். எண் வேறாக இருந்தாலும் பொருந்தக்கூடும், ஏனென்றால் ஒரே பாகத்தைப் பல நிறுவனங்கள் தயாரித்துக் கொடுக்கின்றன. மாற்று எண்களின் பட்டியல் லெனோவோவின் பாகத் தேடல் பக்கத்தில், சீரியல் எண் கொடுத்தால் கிடைக்கும்.

டி480-ல் குழப்பம் வரும் இடங்கள் இவை. சாதாரண முழு எச்டி பேனலின் கேபிள் 30 பின், 2560×1440 பேனலுக்கு 40 பின். பேனலை மட்டும் மாற்றினால் படம் வராது, கேபிளும் சேர்ந்து வர வேண்டும். தொடுதிரை மாடலின் பேனலைச் சாதாரண மாடலுக்கு என்று வாங்காதீர்கள். எம்எக்ஸ்150 என்ற தனி கிராபிக்ஸ் சிப் உள்ள டி480-ன் போர்டும் ஹீட்சிங்கும் (சூட்டை வெளியேற்றும் பாகம்) வேறு. வெளிப் பேட்டரி (உள்ளே இன்னொன்று உண்டு) 61 வரிசை. டி440, டி450, டி460-ன் 68 வரிசை இதில் மாட்டாது.

இங்கே பலர் கவனிக்காத ஒரு வாய்ப்பு இருக்கிறது. டி480 வேண்டும் என்பவர் டி470-ஐயும் பார்க்கலாம். அதன் கீபோர்டு, 30 பின் பேனல், உள் பேட்டரி, 61 வரிசை வெளிப் பேட்டரி, டிடிஆர்4 ரேம் ஆகியவை டி480-க்கு ஒத்துவரும். போர்டும் அதைத் தாங்கும் சட்டமும் ஒத்துவராது, சார்ஜிங் துளைகளே வேறு. டி470-ல் இருப்பது 6 அல்லது 7-ஆம் தலைமுறை பிராசசர், விண்டோஸ் 11 ஆதரவுப் பட்டியலில் அது இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. ஆகவே நல்ல நிலையில் உள்ள டி470-ஐ, பழுதான டி480-ஐவிடக் குறைவான விலையில் பேசி வாங்க முடிகிறதா என்று கேட்டுப் பாருங்கள். ஓடுகிற இயந்திரம் என்றால் அதன் பேனலையும் கீபோர்டையும் கண்முன்னே சோதித்துவிடலாம். ஆன் ஆகாததில் அது முடியாது.

படி 3: எப்படிப் பழுதானது என்று கேளுங்கள்

பதில் உண்மையாக இருக்கும் என்பதற்காக அல்ல, எங்கே உற்றுப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்காக.

கீழே விழுந்தது என்றால் மூலைகளையும் ஹின்ஜையும் (திரையை உடலோடு இணைக்கும் கீல்) பாருங்கள். போர்டு, ரேம், எஸ்எஸ்டி பெரும்பாலும் தப்பியிருக்கும். பவரே வரவில்லை என்றால் பேனலும் கீபோர்டும் நன்றாக இருக்க வாய்ப்பு அதிகம், ஆனால் நிரூபிக்க வழியில்லை. தண்ணீரோ காபியோ கொட்டியது என்றால் கீபோர்டு, போர்டு இரண்டுக்கும் மதிப்புப் பூஜ்யம். மேலே இருக்கும் பேனல் பிழைத்திருக்கலாம். விற்பவர் சொல்லாவிட்டாலும் கொட்டியதைக் கண்டுபிடிக்கலாம். கீபோர்டு இடுக்குகளில் பிசுபிசுப்பு, அடி மூடியைத் திறந்தால் இணைப்பான்களின் ஓரம் வெள்ளை அல்லது பச்சைப் பூஞ்சணம் போன்ற படிவு, திருகுத் தலையில் துரு. சில மாடல்களில் ஈரம் பட்டால் சிவப்பாக மாறும் சிறு வெள்ளைப் புள்ளி ஸ்டிக்கர் போர்டில் இருக்கும்.

ஏற்கெனவே ஒருவர் ரிப்பேருக்கு முயன்றது என்றால் இன்னும் கவனம் தேவை. திருகுகள் குறைவாக இருப்பது, சிப்பைச் சுற்றிப் பழுப்பாக ஃபிளக்ஸ் (பற்றவைக்கத் தடவும் பசை) காய்ந்திருப்பது, சிறிய பாகங்கள் பிடுங்கப்பட்ட வெற்றிடங்கள் இவையெல்லாம் அந்த போர்டு இன்னொரு போர்டுக்குத் தானம் கொடுத்து முடித்துவிட்டது என்று சொல்கின்றன.

படி 4: கையோடு கொண்டுபோக வேண்டியவை

65 வாட் யுஎஸ்பி-சி சார்ஜர், நிச்சயமாக வேலை செய்வது. வோல்ட், ஆம்பியர் காட்டும் சிறிய யுஎஸ்பி-சி மீட்டர், ‘பவர் டெலிவரி’ வசதி உள்ளது. போனாலும் பரவாயில்லை என்ற அளவில் ஒரு 4 ஜிபி டிடிஆர்4 ரேம். நேரடியாக ஓடும் லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவ். பிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவர், பழைய கிடார் பிக் அல்லது சிம் கார்டு அட்டை. டார்ச், போனில் இருப்பதே போதும்.

உங்கள் நல்ல எஸ்எஸ்டியைக் கொண்டுபோகாதீர்கள். பழுதான போர்டில் மின்னழுத்தத்தைக் குறைக்கும் பகுதி ஷார்ட் ஆகியிருந்தால், 3.3 வோல்ட் வர வேண்டிய இடத்தில் அதைவிட அதிகம் வரலாம். அந்த நொடியே எஸ்எஸ்டி போய்விடும், அதில் இருப்பதும் சேர்ந்து.

படி 5: சோதனை

முதலில் மீட்டரோடு சார்ஜரை மாட்டுங்கள். டி480 யுஎஸ்பி-சி வழியாகவே சார்ஜ் ஆவது. ஆரோக்கியமான போர்டு சார்ஜரோடு பேசி 20 வோல்ட் கேட்டு வாங்கும், பேட்டரி காலியாக இருந்தால் 2 ஆம்பியருக்கு மேல்கூட இழுக்கும். 5 வோல்ட்டிலேயே நின்றுவிட்டால் துளையோ, சார்ஜிங்கைக் கவனிக்கும் சிப்போ, தண்டர்போல்ட் (யுஎஸ்பி-சி துளை வழியான அதிவேக இணைப்பு) பகுதியோ பழுது. 20-க்கு ஏறி உடனே விழுந்து, மறுபடி ஏறி விழுந்துகொண்டிருந்தால் போர்டில் ஷார்ட் இருக்க வாய்ப்பு அதிகம். டி480-ல் இரண்டு யுஎஸ்பி-சி துளைகள் உண்டு, இரண்டிலும் மாட்டிப் பாருங்கள்.

ஒன்றில் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் இந்த மாடலின் பிரபலமான நோயாக இருக்கலாம். 2017 முதல் 2019 வரை வந்த பல திங்க்பேட்களில் தண்டர்போல்ட் ஃபர்ம்வேர் (சிப்புக்குள் இருக்கும் மென்பொருள்) கோளாறால் யுஎஸ்பி-சி துளை செயலிழந்தது, சார்ஜ் ஏறாமல் போனது, எச்டிஎம்ஐ வெளியீடு நின்றது. லெனோவோ அதற்கு ஃபர்ம்வேர் திருத்தம் வெளியிட்டது. ஆனால் ஏற்கெனவே கெட்டுப்போன போர்டுக்கு அந்தத் திருத்தம் போதாமல் போகலாம். அப்போது சிப்பை வெளியிலிருந்து புரோகிராமர் வைத்து எழுத வேண்டும். அந்த வேலை தெரிந்தவருக்கு இது நல்ல பேரம். தெரியாதவர் இதை டெட் போர்டாகவே எண்ணி விலை பேசுங்கள்.

மின்சாரம் வந்தும் ஆன் ஆகவில்லையா? சார்ஜரைக் கழற்றி, வெளிப் பேட்டரியை எடுத்துவிட்டு, அடியில் உள்ள அவசர ரீசெட் ஊசித்துளையில் கிளிப் நுனியை விட்டுச் சில நொடிகள் அழுத்துங்கள். ஒரு நிமிடம் விட்டுச் சார்ஜரை மாட்டிப் பாருங்கள். டெட் என்று ஒதுக்கப்பட்டவற்றில் சில இதிலேயே எழுந்துகொள்ளும். எழாவிட்டால் சார்ஜரைக் கழற்றி, அடி மூடியைத் திறந்து, பேட்டரி இணைப்பையும் பிடுங்கி, ரேம்களை எடுத்துவிட்டு உங்களுடையதை ஒவ்வொரு ஸ்லாட்டிலும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

ஆன் ஆகிறது, படம் மட்டும் இல்லை என்றால் கேப்ஸ் லாக்கை அழுத்துங்கள். அதன் விளக்கு மாறினால் போர்டு பெரும்பாலும் ஓடுகிறது. அடுத்து திரைக்குப் பக்கவாட்டில் டார்ச் அடியுங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் பேக்லைட் மட்டும் போயிருக்கிறது. ஒன்றும் தெரியாவிட்டால் எச்டிஎம்ஐயில் வெளித் திரையை மாட்டிப் பாருங்கள்.

படம் வந்தால் எஃப்1 அழுத்தி பயாஸுக்குள் (போர்டின் அடிப்படை அமைப்புப் பகுதி) செல்லுங்கள். இங்கே பாஸ்வேர்டு கேட்டால், சூப்பர்வைசர் பூட்டு. திங்க்பேட்டில் இதற்கு லெனோவோ தரும் ஒரே வழி போர்டை மாற்றுவது. ஆகவே ஓடினாலும் அந்த போர்டுக்கு விலை கொடுக்காதீர்கள். பேனலுக்கும் கீபோர்டுக்கும் இந்தப் பூட்டால் பாதிப்பில்லை. எஸ்எஸ்டிக்குத் தனியே ஹார்ட் டிஸ்க் பாஸ்வேர்டு போட்டிருந்தால் அந்த எஸ்எஸ்டியும் கணக்கில் வராது. பயாஸில் அப்சல்யூட் (திருட்டுப்போன லேப்டாப்பைக் கண்டறியும் சேவை) கண்காணிப்பு நிரந்தரமாக இயக்கப்பட்டிருந்தால், அது இன்னும் ஒரு நிறுவனத்தின் உடைமையா என்று கேட்க வேண்டிய நேரம்.

பிறகு பென்டிரைவில் லினக்ஸைத் திறந்து, முழுத்திரையில் வெள்ளை, கருப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். வெள்ளையில் அழுத்தத் திட்டுகளும், கருப்பில் ஓர வெளிச்சக் கசிவும், மற்றவற்றில் செத்த புள்ளிகளும் தெரியும். கீபோர்டில் ஒவ்வொரு கட்டையையும் அழுத்திப் பாருங்கள், நடுவில் உள்ள சிவப்புக் குமிழையும். எஸ்எஸ்டி தன் நிலையைத் தானே பதிந்துவைக்கும் ‘ஸ்மார்ட்’ விவரத்தில் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று சதவீதத்தில் இருக்கும்.

பேட்டரியின் மதிப்பு எப்போதும் பூஜ்யம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். டி480-ன் உள் பேட்டரி புதிதில் 24 வாட்-அவர். லினக்ஸின் பவர் விவரத்தில் இப்போது 18-க்கு மேல் காட்டினால் உபரி லாபம் என்று மகிழலாம். உப்பியிருந்தால், அதாவது டச்பேட் மேலே தள்ளியோ அடி மூடி வளைந்தோ இருந்தால், அதை அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், கூரியரில் அனுப்பச் சொல்லாதீர்கள்.

பிராசசரைப் பற்றி ஒரு வார்த்தை. ‘ஐ7 சார், அதான் விலை’ என்று சொல்வார்கள். டி480-ன் பிராசசர் போர்டில் பற்றவைக்கப்பட்டது, தனியே கழற்ற முடியாது. போர்டு செத்தால் அதுவும் செத்த கணக்குத்தான். ஐ5-ஆக இருந்தாலும் ஐ7-ஆக இருந்தாலும் டெட் போர்டின் விலை உங்களுக்கு ஒன்றே.

படி 6: கணக்கு

பட்டியலில் உள்ள ஒவ்வொரு பாகமும் தனியாக வாங்கினால் என்ன விலை என்று முன்கூட்டியே இரண்டு கடையில் விசாரித்துக்கொள்ளுங்கள். கண்முன்னே சோதித்துச் சரியாக இருந்த பாகத்துக்கு அந்த விலையில் 70 சதவீதம். பார்க்க நன்றாக இருக்கிறது, சோதிக்க முடியவில்லை என்றால் 40 சதவீதம். பட்டியலில் இல்லாததற்கு ஒன்றுமில்லை. இந்தச் சதவீதங்கள் எங்கும் எழுதிவைத்த விதி அல்ல. கழற்றும்போது உடைவதற்கும், வீட்டுக்கு வந்தபின் தெரியும் குறைக்கும் இடம்விட்டு வைத்த கணக்கு.

எண்கள் விளங்குவதற்காக மட்டும்: பேனல் தனியே 3500 ரூபாய், கீபோர்டு 1500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பேனல் ஒளிர்ந்து சரியாக இருந்தது, 2450. கீபோர்டு சோதிக்க முடியவில்லை, 600. மொத்தம் 3050. விற்பவர் 4500 கேட்டால் வேண்டாம். 3000-க்கு இறங்கி வந்தால் எடுக்கலாம். வெளியூரிலிருந்து வரவழைப்பதானால் கூரியர் செலவையும் கழியுங்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று ஆகிவிடும் பேரங்கள் இதில் நிறைய.

ரேமும் எஸ்எஸ்டியும் உள்ளே இருக்கும் என்று எண்ணிப் பேரம் பேசாதீர்கள். எளிதில் கழற்றி எளிதில் விற்கக்கூடியவை அவைதான், முதலில் காணாமல்போவதும் அவைதான். மூடியைத் திறந்து கண்ணால் பார்த்தபிறகே கணக்கில் சேருங்கள். எஸ்எஸ்டி இருக்க வேண்டிய இடத்தில் தட்டு, கேபிள்கூட இல்லாமல் இருப்பதும் உண்டு. அவற்றைத் தனியே தேடி வாங்குவது தொல்லை.

தேவை ஒரே ஒரு பாகம், அது புதிதாகவே கிடைக்கிறது என்றால் அதை வாங்கிவிடுங்கள். டெட் லேப்டாப் லாபமாவது இரண்டு மூன்று பாகம் ஒன்றாகத் தேவைப்படும்போதும், உடல், ஹின்ஜ், கேபிள், திருகு போலக் கடையில் தனியே கிடைக்காதவை தேவைப்படும்போதும்தான். ஹின்ஜ் உடைந்த லேப்டாப் வைத்திருப்பவருக்கு, தண்ணீர் குடித்துச் செத்த இன்னொரு லேப்டாப் மிகச் சரியான துணை.

டெஸ்க்டாப்புக்கும் இதே கணக்குத்தான், ஒரு நல்ல வித்தியாசத்தோடு: பிராசசரைக் கழற்ற முடியும். ஆனால் பிராசசர் உட்காரும் சாக்கெட்டில் எல்ஜிஏ1151 என்ற ஒரே பெயரில் இரண்டு வகை இருக்கிறது. 6, 7-ஆம் தலைமுறைக்கான போர்டில் 8, 9-ஆம் தலைமுறை பிராசசர் உட்காரும், ஓடாது. நிறுவன வகை டெஸ்க்டாப்புகளின் பவர் சப்ளை இணைப்பான் பெரும்பாலும் அந்த நிறுவனத்துக்கே உரியது, சாதாரண போர்டில் மாட்டாது.

2018-க்குப் பிந்தைய மேக்புக்குகளைப் புதியவர்கள் உதிரிபாகத்துக்காக வாங்க வேண்டாம். எஸ்எஸ்டியும் ரேமும் போர்டோடு ஒன்றானவை, பழைய உரிமையாளரின் கணக்குப் பூட்டு போர்டோடு போகும், கைரேகை பட்டன் தன் போர்டைத் தவிர வேறெதிலும் வேலை செய்யாது.

படி 7: வாங்கும்போது

பில் கேளுங்கள், சீரியல் எண் எழுதிய பில். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, நம்பக் காரணம் இருந்தோ வாங்குவது குற்றம். பூட்டிய பயாஸ், கிழிக்கப்பட்ட நிறுவனச் சொத்து ஸ்டிக்கர், பில் தர மறுப்பு மூன்றும் சேர்ந்து வந்தால் விலை எவ்வளவு குறைவானாலும் கிளம்பிவிடுங்கள். டெட் லேப்டாப்புக்கு வாரண்டி கிடையாது என்பார்கள், அது நியாயமும்கூட. ஆனால் சோதிக்க முடியாத பேனலுக்கு மட்டும் ஒரு வாரம் டெஸ்டிங் வாரண்டி கேட்கலாம், பில்லிலேயே எழுதி வாங்கலாம்.

நேரில் போக முடியாவிட்டால் வீடியோ கேளுங்கள். அன்றைய தேதி எழுதிய தாளை அருகில் வைத்து, அடி ஸ்டிக்கர், சார்ஜர் மாட்டும் தருணம், திரை, மூடி திறந்த போர்டு இவை தொடர்ச்சியாக ஒரே வீடியோவில் வர வேண்டும்.

படி 8: வீட்டுக்கு வந்ததும்

அன்றைக்கே பிரியுங்கள், வாரண்டி நாட்கள் ஓடிக்கொண்டிருக்கும். ஆன் ஆகும் டி480 என்றால் பயாஸின் பவர் பகுதியில் உள் பேட்டரியை நிறுத்தும் தேர்வு இருக்கிறது. அதைப் போட்ட பிறகே மூடியைத் திறங்கள். ஆன் ஆகாதது என்றால் திறந்ததும் முதல் வேலை பேட்டரி இணைப்பைப் பிடுங்குவது. பாகம் மாட்டப்போகும் உங்கள் நல்ல லேப்டாப்புக்கும் இதே விதிதான், இன்னும் கண்டிப்பாக. பேட்டரி இணைந்திருக்கும்போது பேனல் கேபிளைக் கழற்றி மாட்டினால் போர்டில் உள்ள பேக்லைட் ஃபியூஸ் போய்விடலாம். புதுப் பேனல் போட்டும் இருட்டாகவே இருக்கிறது என்று வரும் புகார்களில் பலவற்றுக்கு இதுதான் காரணம்.

திருகுகளை, எந்த இடத்திலிருந்து வந்தவையோ அந்த இடத்தின் பெயர் எழுதிய தாளில் ஒட்டிவையுங்கள். நீளத் திருகைக் குட்டைத் துளையில் முறுக்கினால் பாம்ரெஸ்டில் (கீபோர்டுக்கு முன்னால் கை வைக்கும் இடம்) மேடு தெரியும், சில இடங்களில் போர்டையே துளைக்கும்.

எஸ்எஸ்டி வந்திருந்தால் உள்ளே இருக்கும் கோப்புகளைத் திறக்காமல் முழுமையாக அழித்துவிடுங்கள். அது முன்பு வைத்திருந்தவரின் குடும்பப் படங்களும் வங்கி விவரங்களுமாக இருக்கும்.

மிஞ்சிய போர்டையும் பேட்டரியையும் குப்பைத் தொட்டியில் போடக்கூடாது, தெருவில் உடைத்து எரிப்பவர்களிடமும் கொடுக்கக்கூடாது. போர்டில் ஈயமும், எரித்தால் நச்சுப் புகை தரும் பொருட்களும் உண்டு. 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள மின்கழிவு மேலாண்மை விதிகள், 2022-ன்படி பதிவுபெற்ற மறுசுழற்சியாளர்கள் இருக்கிறார்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தளத்தில் அவர்கள் பட்டியலைப் பார்க்கலாம். உப்பிய பேட்டரியைக் கொடுக்கும் நாள்வரை, காய்ந்த மணல் நிரப்பிய மண் அல்லது உலோகப் பாத்திரத்தில், எரியும் பொருட்கள் அருகில் இல்லாத இடத்தில் வீட்டுக்கு வெளியே வையுங்கள். அதன் இணைப்பு முனைகள் மேல் டேப் ஒட்டியிருக்க வேண்டும்.